பீக்கோ டிரெயில் முழுவதும் நடந்து மலையகச் சிறுத்தைக்கு நிதி திரட்டலாமா?

#1 மலைநடை

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர் பீக்கோ டிரெயிலை முழுசாக நடக்கப் போகிறோம். அந்த நடையை வைத்து மலையகத்துச் சிறுத்தைகளைக் காக்கும் வேலைக்குப் பணம் திரட்ட வேண்டும் என்பது எண்ணம். கிளம்புவதற்கு முன்னால் மலையை அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பாதையைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்குச் சுருக்கமாக: கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று போய், அப்புத்தளை, எல்ல, தெமோதர வழியாக வளைந்து நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். புதிதாக வெட்டிய பாதை இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் மாட்டு வண்டிக்கும் ஆளுக்கும் போட்ட தோட்டப் பாதைகளையே கோத்திருக்கிறார்கள். மிகேல் குனாட் என்ற ஸ்பானியர் முன்னின்று செய்தார். ஐரோப்பிய ஒன்றியமும் யுஎஸ்எய்டும் பணம் கொடுத்தன. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையில் வர்த்தகத்துக்காக முதன்முதலில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் இந்தப் பாதையில்தான் வருகிறது.

ஏன் சிறுத்தை? சிறுத்தை என்றால் யால தேசியப் பூங்கா என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் தேயிலை மலைக்கும் காட்டுத் தொங்கலுக்கும் (தோட்டங்களுக்கு நடுவே மிஞ்சிய காட்டுத் துண்டு) இடையில் இன்றைக்கும் அது நடமாடுகிறது. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத துணையினம். இந்த நாட்டில் புலியும் சிங்கமும் இல்லாததால் காட்டின் உச்சியில் நிற்பது அதுதான். 2020இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (ஐயுசிஎன்) சிவப்புப் பட்டியலில் ‘அருகி வருவது’ என்ற நிலையிலிருந்து ஒரு படி கீழே இறக்கி ‘பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது’ என்று வைத்தார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆபத்து தீர்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள் மலையகத்தில் கம்பிச் சுருக்கில் செத்துக் கிடக்கும் சிறுத்தைகளின் படங்களைப் பார்க்க வேண்டும்.

என் அப்பா அம்மா கொட்டகலைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் கொழும்பில் வளர்ந்தேன். மூன்று விஷயம் கேட்க வேண்டும். எந்த மாதத்தில் நடக்கலாம்? பணத்தை எப்படி வசூலிப்பது, யாரிடம் கொடுப்பது? கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று உறுதி வாங்குவது நல்லதா, மொத்தமாகக் கேட்பது நல்லதா?

#2 ஊவாக்காற்று

முதல் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். அப்புத்தளைப் பக்கம் ஆட்களை வழிகாட்டிக் கூட்டிப் போவதுதான் என் தொழில்.

பாதை முழுவதையும் ஒரே மூச்சில் நல்ல வெயிலில் நடக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. மேற்குப் பக்கத்து மலைகளுக்கு, அதாவது பூண்டுலோயா முதல் பொகவந்தலாவை வரைக்கும், மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேல் பருவ மழை. ஊவாப் பக்கம், அதாவது அப்புத்தளை, பண்டாரவளை, பதுளை, அங்கிருந்து ஊடுபுசல்லாவை வரைக்கும், நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ் மழை. ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்த பழைய ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், மேற்குப் பக்கத்து டிம்புளைத் தேயிலைக்கு நல்ல வாசம் வரும் காலம் ஜனவரி முதல் மார்ச், ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் என்பார்கள். கொழுந்துக்கு வாசம் ஏறுவது காய்ந்த காற்று அடிக்கும்போது. அதே காற்றில்தான் பாதையும் காயும், இரத்தம் குடிக்கும் அட்டையும் குறையும். தேயிலைக்கு நல்ல காலமே நடக்கிறவனுக்கும் நல்ல காலம்.

ஒரே தடவையில்தான் முடிக்க வேண்டும் என்றால் பிப்ரவரி, மார்ச் பரவாயில்லை. பிரித்து நடக்கலாம் என்றால் மேற்கை பிப்ரவரியிலும் ஊவாவை ஆகஸ்டிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்கு உப்பு, சவர்க்காரம் எல்லாம் ஆளுக்கொன்று சொல்வார்கள். முழங்கால் வரைக்கும் நெருக்கமான துணியில் தைத்த அட்டை மேசு (காலுறை) போட்டுக்கொள்ளுங்கள், போதும். பாதையில் நாய்த் தொல்லை உண்டு. கையில் ஒரு கம்பு இருக்கட்டும், வீசத் தேவையில்லை, ஊன்றினாலே போதும்.

#3 கொழுந்துமகள்

தம்பி, உங்கள் மனசு நல்ல மனசு என்று நம்புகிறேன். அதனால் நேராகவே கேட்கிறேன்.

நீங்கள் நடக்கப் போகும் பாதையின் இரண்டு பக்கமும் லயம், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு, இருக்கிறது. வெள்ளைக்காரன் கட்டிய அதே பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. 2021இல்தான் நாள் சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. 2024இல் 1,350. அதற்கும் எத்தனை வருடம் ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். அந்த லயத்து வாசலைத் தாண்டி, வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தோடு, ‘சிறுத்தையைக் காப்பாற்றுவோம்’ என்று எழுதிய பனியன் போட்டுக்கொண்டு நீங்கள் நடந்தால் அங்கே இருக்கிறவர்களுக்கு என்ன தோன்றும்?

என் சித்தி பொகவந்தலாவைப் பக்கம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது செடிக்கு அடியில் படுத்திருந்த புலி (தோட்டத்தில் நாங்கள் புலி என்றுதான் சொல்வோம்) தோளைக் கீறிவிட்டுப் பாய்ந்து ஓடியது. தையல் போட்டு வீட்டில் கிடந்த நாட்களுக்குத் தோட்டத்தில் பேர் (நாள் சம்பளக் கணக்கு) போடவில்லை. கேட்கப் போனால், வேலைக்கு வந்தால்தானே பேர் என்றார்கள். புலிக்கு என்ன ஆனது என்று விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். சித்திக்கு என்ன ஆனது என்று யாரும் வரவில்லை.

புலி சாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்தியும் சொல்லவில்லை, அது பயந்துதான் பாய்ந்தது என்று அவரே சொல்வார். நடையென்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. எங்கள் பாட்டன் பூட்டன் தலைமன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். 2023இல், மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்து, அதே வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் எங்கள் ஆட்கள் நடந்தார்கள். ஆகஸ்ட் 12ஆம் தேதி மாத்தளையில் முடிந்தது. காணி, வீடு, சம்பளம், சமமான குடியுரிமை என்று கேட்டு நடந்த நடை அது. உங்கள் நடையில் எங்களுக்கு என்ன இடம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

#4 மலைநடை

அக்கா, சித்தியின் விஷயம் மனதைப் பிசைகிறது. உடனே ஒரு பதிலைச் சொல்லிச் சமாளிக்க விருப்பமில்லை. மற்றவர்களும் எழுதட்டும், யோசித்துவிட்டு வருகிறேன்.

#5 ஹட்டன்காரன்

கொழுந்துமகள் அக்கா சொன்னதை மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் சிறுத்தையும் லயமும் தனித்தனிக் கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சுருக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தோட்டத்தில் சிறுத்தைக்கென்று யாரும் சுருக்கு வைப்பதில்லை. வைப்பது காட்டுப்பன்றிக்கு. லயத்துக்குப் பின்னால் கொஞ்சம் இடத்தில் கிழங்கு, கோவா (முட்டைகோஸ்), கரட் போட்டிருப்பார்கள். ஒரு இரவில் பன்றி வந்து கிண்டிவிட்டுப் போனால் அந்த மாதக் கைச்செலவு போனது. அதனால் மோட்டார் சைக்கிளின் பிரேக் கேபிளையோ கிளட்ச் கேபிளையோ வாங்கி வேலி இடுக்கில் சுருக்குப் போடுகிறார்கள். செலவு மிகக் குறைவு, காவல் இருக்க வேண்டாம். இதோடு இறைச்சிக்காகவே வைக்கும் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவர்கள் காட்டுத் தொங்கலின் ஓரத்தில், விலங்கு போகும் தடத்தைப் பார்த்து வரிசையாக வைப்பார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் தீர்வு கிடைக்காது. முதல் ஆளுக்கு வேலி வேண்டும். இரண்டாவது ஆளுக்குச் சட்டம் வேண்டும்.

பன்றி போகிற தடத்தில்தான் சிறுத்தையும் போகிறது. பன்றிக்குக் கழுத்தில் விழும் சுருக்கு சிறுத்தைக்குப் பெரும்பாலும் இடுப்பில் இறுகும். அது விடுபட இழுக்க இழுக்கக் கம்பி சதைக்குள் போகும். மயக்க ஊசி போட வனஜீவராசிகள் திணைக்களத்தின் மிருக வைத்தியர் வர வேண்டும். மத்திய மலைநாட்டுக்கு ரந்தெனிகலவிலிருந்து வர வேண்டியிருக்கும். வந்து சேர்வதற்குள் சில மணி நேரம் ஓடிவிடும். சுற்றி நூறு பேர் நின்று கத்திப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வெளியே காயம் சின்னதாகத் தெரியும். உள்ளே உறுப்புகள் நசுங்கியிருக்கும்.

2020 மே மாதம் நல்லதண்ணியில், லக்ஷபான தோட்டத்தில், சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தையை நினைத்துப் பாருங்கள். இந்த நாட்டில் கருஞ்சிறுத்தை கண்ணில் படுவதே அபூர்வம். உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் செத்தது. நாடு முழுக்க அழுதது. சுருக்குகள் அதே இடங்களில்தான் இருந்தன.

ஆக, சிறுத்தையைக் காப்பது என்பது ஹட்டன் பக்கத்தில் பெரும்பாலும் பன்றியைச் சமாளிப்பதுதான். மரக்கறித் தோட்டத்துக்கு நல்ல வேலி போட்டுக் கொடுத்தால் ஒரு சுருக்குக் குறையும், ஒரு குடும்பத்தின் கிழங்கும் மிஞ்சும்.

#6 வடமராட்சியான்

ஹட்டன்காரன் எழுதியதை வாசித்தபோது கிளிநொச்சி அம்பாள்குளம் ஞாபகத்துக்கு வந்தது. 2018 ஜூனில் ஊருக்குள் வந்த சிறுத்தை சிலரைக் காயப்படுத்தியது, சனம் அதை அடித்துக் கொன்றது, அந்த வீடியோவை உலகமே பார்த்தது. பிறகு ஆட்களைக் கைது செய்தார்கள். ஆனால் நேரத்துக்கு வலையோடும் மயக்க ஊசியோடும் ஒரு குழு வந்திருந்தால் இரண்டு பக்கமும் தப்பியிருக்கும் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். பணம் திரட்டினால் அந்த வேகத்துக்குத் திரட்டுங்கள்: வாகனம், கூண்டு, வைத்தியருக்கு உதவியாள்.

நடந்து பணம் திரட்டும் விஷயத்தில் இந்த நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 2011இல் நேதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைக்கு 670 கிலோமீட்டர் நடந்தார்கள். தெல்லிப்பளைப் புற்றுநோய் மருத்துவமனைக்காக. 2016இல் அதே வழியைத் திருப்பிப் பருத்தித்துறையிலிருந்து நடந்தார்கள், காலி கராப்பிட்டிய மருத்துவமனைக்காக. 2011இல் நடை எங்கள் ஊருக்கு வந்தபோது ரோட்டோரம் நின்று பார்த்தவன் நான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்டியலோடு நின்றார்கள். தெற்கிலிருந்து நடந்து வந்த சிங்களப் பெடியன்களுக்கு எங்கள் அம்மாமார் மோரும் இளநீரும் கொடுத்தார்கள். போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அது சின்ன விஷயமில்லை.

அது ஏன் வென்றது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ஒன்று, எதற்குப் பணம் என்று ஒரே வரியில் சொல்ல முடிந்தது: இந்த ஊரில் இந்த மருத்துவமனை. இரண்டு, முழுத் தூரமும் நடக்கத்தான் வேண்டும் என்றில்லை, ஒரு நாள் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். ‘சிறுத்தைப் பாதுகாப்பு’ என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பையைத் திறக்க மாட்டார்கள். ‘இத்தனை தோட்டத்தில் இத்தனை வேலி’ என்று சொல்லுங்கள்.

#7 எண்கணிதம்

நான் கணக்காளன். உணர்ச்சியை நீங்கள் எல்லாரும் எழுதிவிட்டீர்கள், காசை நான் எழுதுகிறேன்.

கிலோமீட்டர் கணக்கு கேட்க அழகாக இருக்கும். கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று ஒருவர் ஒப்புக்கொண்டால் 300 கிலோமீட்டருக்கு 15,000. ஆனால் கால் சுளுக்கி 120ஆவது கிலோமீட்டரில் நின்றால் 6,000. கொடுக்கிறவருக்கும் குழப்பம், வசூலிக்கிறவருக்கும் குழப்பம். நடந்து முடித்த பிறகு உறுதியை நினைவூட்டி வாங்குவதும் தனி வேலை. என் யோசனை: மொத்தமாகக் கேளுங்கள், முன்னாலேயே வாங்குங்கள், கிலோமீட்டரைச் செய்தி சொல்வதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது. உங்கள் சாப்பாடு, தங்குமிடம், பஸ், சப்பாத்து எல்லாம் உங்கள் கைக்காசு. நன்கொடையிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க மாட்டோம் என்பதை முதல் அறிவிப்பிலேயே எழுதுங்கள். பணம் உங்கள் சொந்தக் கணக்குக்கு வரவே கூடாது. கொடுக்கப்போகும் அமைப்பின் கணக்குக்கு நேராகப் போகட்டும், நீங்கள் ரசீதுகளை மட்டும் சேர்த்து வெளியிடுங்கள். வசூல் தொடங்கும் முன்னால் அந்த அமைப்போடு எழுத்தில் ஒரு ஒப்பந்தம் வேண்டும்: இந்த வேலைக்கு, இந்தப் பகுதியில், இத்தனை மாதத்துக்குள். அது இல்லாமல் கொடுத்தால் பொதுச் செலவில் கரைந்துவிடும், யாரையும் குறை சொல்லவும் முடியாது.

#8 கிங்ஸ்டன் தமிழன்

இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே பதிவு பெற்ற அறக்கட்டளை வழியாகப் போனால் ‘கிஃப்ட் எய்ட்’ உண்டு. வரி கட்டுகிறவர் 100 பவுண்டு கொடுத்தால் அரசு இன்னும் 25 பவுண்டு சேர்க்கும். அதனால் இலங்கை அமைப்புக்குப் பணம் அனுப்பும் ஏதாவது ஒரு பிரித்தானிய அறக்கட்டளையோடு முதலில் பேசுங்கள். கோஃபண்ட்மி என்ற இணைய நிதி திரட்டும் தளத்தில் இலங்கை வங்கிக் கணக்கை நேராகச் சேர்க்க முடியாது. யாராவது ஒருவர் இங்கே தன் பெயரில் வாங்கி அனுப்புவது என்று தொடங்கினால் எண்கணிதம் அண்ணா சொன்ன அதே பிரச்சினை வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புலம்பெயர்ந்த நாங்கள் வடக்குக்கும் கிழக்குக்கும் கொடுத்துப் பழகியவர்கள். மலையகத்தைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றுமே தெரியாது. எல்ல ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுப்பார்கள், அந்தத் தேயிலைக்குள் நிற்கிறவர்களும் தமிழ் பேசுகிறவர்கள் என்பது அவர்களுக்கு அங்கே போய்த்தான் தெரிகிறது. சிறுத்தையின் பெயரால் அவர்கள் கொட்டகலையையும் நோர்வூட்டையும் தெரிந்துகொண்டால் அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

#9 வால்பாறை மழை

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குரல். நான் வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். உங்கள் இழையை வாசிக்கும்போது எங்கள் ஊரைப் பற்றியே பேசுவது போல இருக்கிறது.

எங்கள் மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலையும் காப்பியும் நடுவில், சுற்றிலும் ஆனைமலைக் காடு. யானை, சிறுத்தை, காட்டெருமை எல்லாம் தோட்டத்துக்குள் வரும். ஒருகாலத்தில் சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கிறவர்கள் இருட்டில் யானையிடம் மாட்டி உயிரை விட்டார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்த குமாரும் அவர் குழுவும் செய்தது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. யானை எங்கே நிற்கிறது என்று கேட்டு, அந்தச் சுற்றில் இருப்பவர்களின் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மேடான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள், யானை பக்கத்தில் இருந்தால் ஊர்க்காரரே கைப்பேசியிலிருந்து அதை எரிய வைக்கலாம். சாவு குறைந்தது. 2015இல் அதற்கு இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது.

எனக்குப் பெரிதாகப் படுவது விருது இல்லை. யானை எங்கே என்ற தகவலைக் கொடுத்ததும் தோட்டத்து ஆட்கள், விளக்கை எரிய வைத்ததும் தோட்டத்து ஆட்கள். அதனால் அது எங்கள் ஏற்பாடு ஆனது. வெளியிலிருந்து வந்து யாராவது ‘யானையை நேசியுங்கள்’ என்று பலகை வைத்திருந்தால் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது.

சிறுத்தை விஷயம் எங்களுக்கு இன்னும் வலி. லைன் வீட்டு வாசலில் விளையாடிய குழந்தைகளைத் தூக்கிப்போன சம்பவங்கள் உண்டு. அந்த வீட்டுக்காரர்களிடம் போய்ப் பாதுகாப்பு என்று பேச யாருக்கும் வாய் வராது. ஆனால் என்ன செய்யலாம் என்பது இப்போது தெரியும்: வீட்டை ஒட்டிய புதரை வெட்டுவது, கோழிக்கழிவைக் கொட்டாமல் இருப்பது, கழிப்பறை வீட்டுக்குள்ளேயே இருப்பது, வாசலில் விளக்கு, சாயங்காலம் குழந்தையைத் தனியே விடாமல் இருப்பது. கவனியுங்கள், இதில் பாதி அரசோ தோட்டமோ எப்போதோ செய்து கொடுத்திருக்க வேண்டிய வீட்டு வசதி.

#10 கொழுந்துமகள்

வால்பாறைத் தம்பி, கடைசி வரியை எழுதியதற்கு நன்றி. நான் சொல்ல வந்ததும் அதேதான்.

எங்கள் தோட்டத்தில் கழிப்பறை லயத்துக்குத் தள்ளி, மானாப்புல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. இருட்டினால் நாங்கள் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவே யோசிப்போம். புலிக்காக மட்டும் இல்லை, எல்லா பயமும்தான். அந்த வழியில் நாலு விளக்குப் போட்டால் புலியும் ஒதுங்கும், பிள்ளைகளும் பயமில்லாமல் போவார்கள். இதைச் ‘சிறுத்தைப் பாதுகாப்பு’ என்ற கணக்கில் எழுத ஒத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால் நானே முதல் நன்கொடை தருகிறேன்.

கொழுந்து எடுக்கும் இடத்திலும் செய்யலாம். காலையில் மலைக்குள் இறங்கும் முன்னால், அதுவும் ரொம்ப நாள் ஆள் போகாத மலை என்றால், தகரத்தைத் தட்டிச் சத்தம் போட்டுப் பத்து நிமிடம் விட்டு இறங்கினால் படுத்திருப்பது எழுந்து போய்விடும். சில கங்காணிமார் தாங்களாகவே செய்வார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தையும் கொழுந்து நிறுவையில் பார்க்கும் தோட்டம் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள். அதனால் தோட்ட நிர்வாகத்தோடு பேசி அதை வேலை நேரமாக எழுத வைக்க வேண்டும். பெண்கள் சொல்லிக் கேட்காத நிர்வாகம், வெளியிலிருந்து வரும் நடைக்காரர்களும் பத்திரிகையும் சொன்னால் கேட்கலாம். அந்த வகையில் உங்களால் எங்களுக்கு உதவி உண்டு, தம்பி.

#11 ஊவாக்காற்று

அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். நடக்க வருகிறவர்களில் பலர் கொழுந்து எடுக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கிறார்கள். சிலர் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நிமிடங்களில் அந்த அம்மாவுக்கு நிறுவை குறையும். நிதி திரட்டும் நடைக்குப் படம் நிறையத் தேவைப்படும், எனக்குத் தெரியும். தயவுசெய்து உங்கள் பக்கத்தில் வேலை செய்கிறவர்களின் முகத்தை விளம்பரமாக்காதீர்கள். மலையை எடுங்கள், பாதையை எடுங்கள், உங்கள் சேற்றுக் காலை எடுங்கள்.

வழிகாட்டிகளை அந்தந்த இடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கலஹாவில் ஒரு பையன், நோர்வூட்டில் ஒரு பெண், எங்கள் பக்கம் ஒரு ஆள். கொழும்பிலிருந்து ஒரே வழிகாட்டியைக் கூட்டி வருவதைவிட இது செலவு குறைவு, காசும் லயத்துக்குப் போகும்.

#12 ஹட்டன்காரன்

நடக்கும்போது சுருக்கு கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாகப் படும், பாதையை விட்டுக் காட்டுத் தொங்கல் ஓரம் ஒதுங்கினாலே சில இடங்களில் படும்.

கழற்றாதீர்கள். இறைச்சிக்காரன் வைத்ததாக இருந்தால் பக்கத்திலேயே எங்காவது இருப்பான். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, வழிகாட்டியிடம் சொல்லுங்கள். விலங்கு மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள், கூட்டம் சேர்க்காதீர்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். படத்தைப் பொதுவெளியில் இடத்தோடு போடவே போடாதீர்கள். சிறுத்தையின் காலடி, எச்சம் பார்த்தாலும் அப்படித்தான். எந்தத் தொங்கலில் அது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் தவறான ஆட்கள் இருக்கிறார்கள்.

யாரிடம் கொடுப்பது என்ற கேள்விக்கு: மலையகச் சிறுத்தையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் களத்தில் இருந்து ஆய்வு செய்கிறவர்கள் அஞ்சலி வாட்சனும் அண்ட்ரூ கிட்டிலும் நடத்தும் வனஜீவராசிகள் பாதுகாப்பு அறக்கட்டளை (டபிள்யூ.டபிள்யூ.சி.டி.). தேயிலைக்கு நடுவில் தானியங்கிக் கேமரா வைத்து, எந்தத் தொங்கல் வழியாக எது போகிறது என்று பதிவு செய்கிறார்கள். அவர்களிடம் நேராகப் போய், வேலிக்கும் விளக்குக்கும் பணம் வாங்குவீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஆய்வை அவர்களும் வேலியை உள்ளூர்ச் சங்கம் ஒன்றும் செய்யும்படி இரண்டாகப் பிரிக்கலாம்.

#13 எண்கணிதம்

இரண்டாகப் பிரித்தால் இரண்டு ஒப்பந்தம், இரண்டு கணக்கு. செய்யலாம், ஆனால் கொடுக்கிறவர் எதற்குக் கொடுக்கிறார் என்று அவரே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். வேலிக்குக் கொடுத்த காசு கேமராவுக்குப் போகக் கூடாது.

#14 வடமராட்சியான்

அப்புத்தளைப் பக்கம் நடக்கும்போது மேஜர் தோமஸ் ரொஜர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகச் சொல்லப்படும் ஆள், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அந்த மலைகளில் அப்போது யானை அவ்வளவு இருந்தது. சுட்டதும் போக, காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள், 1869இல் வந்த இலை நோயில் கோப்பி போய்த் தேயிலை வந்தது. யானை அந்த மலைகளை விட்டே போய்விட்டது. மேல்மலையில் மிஞ்சி நிற்கும் பெரிய வேட்டை விலங்கு சிறுத்தைதான். ஹோர்டன் சமவெளியில் மரையைத் தின்று வாழ்கிறது, தோட்டத்தில் கேளையையும் பன்றியையும் நாயையும் தின்று வாழ்கிறது. இதையும் இழந்துவிட்டு, 2010இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்த மத்திய மலைநாட்டில் வெறும் காட்சி முனைகளை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

#15 மலைநடை

எல்லாருடைய பதிலையும் நண்பர்களோடு உட்கார்ந்து வாசித்தோம். வீட்டில் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சித்தி விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகுநேரம் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். இதுவரை என்னிடம் பேசாத விஷயங்கள்.

இப்போது முடிவு செய்திருப்பவை இவை. நடை இரண்டு பகுதி: ஹந்தானையிலிருந்து பொகவந்தலாவை வரைக்கும் பிப்ரவரியில், மிச்சம் ஆகஸ்டில். இடையில் உள்ள மாதங்களில் முதல் பகுதியில் வந்த பணம் எங்கே போனது என்று காட்டிவிட்டுத்தான் இரண்டாவது பகுதிக்குக் கேட்போம். கேட்பது மூன்று விஷயத்துக்கு: மரக்கறித் தோட்ட வேலி, லயத்துக்கும் கழிப்பறைக்கும் இடையில் விளக்கு, சுருக்கில் மாட்டிய விலங்கை மீட்கப் போகும் குழுவுக்கான கருவிகள். கொடுக்கிறவர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் செலவு எங்களுடையது. கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டோம்.

பனியனில் சிறுத்தை இருக்கும். அதோடு எந்தத் தோட்டத்து வேலிக்காக அன்றைக்கு நடக்கிறோமோ அந்தத் தோட்டத்தின் பெயரும் இருக்கும். எந்தத் தோட்டம் என்பதை நாங்கள் முடிவு செய்யப் போவதில்லை. கொழுந்துமகள் அக்கா, உங்கள் பக்கத்துப் பெண்கள் குழு ஒன்றைக் கூட்டித் தர முடியுமா? எங்கே வேலி, எங்கே விளக்கு என்று அவர்கள் சொல்லட்டும். தகரம் தட்டும் பத்து நிமிடத்தை வேலை நேரமாக்குவது பற்றி நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் எழுத வேண்டும். அதை அவர்கள் சொல்ல நாங்கள் எழுதுகிறோம்.

#16 கொழுந்துமகள்

கூட்டலாம். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கிழமை நாளில் யாருக்கும் நேரம் இருக்காது. கோவில் மடத்தில் உட்காரலாம். சித்தியும் வருவார். கூட்டத்துக்கு வரும்போது கேமரா வேண்டாம், கொப்பியும் பேனையும் போதும்.

நோர்வூட் முதல் பொகவந்தலாவை வரைக்கும் உள்ள கட்டத்தில் எங்கள் ஆட்கள் சிலர் உங்களோடு நடப்பார்கள். அன்றைக்குப் பேர் போடாத நாளாகப் பார்த்து அந்தக் கட்டத்தை வையுங்கள்.

#17 கிங்ஸ்டன் தமிழன்

விளக்குக்கு எங்கள் வீட்டிலிருந்து எழுதிக்கொள்ளுங்கள். அறக்கட்டளை ஒன்றோடு பேசத் தொடங்கிவிட்டேன், பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன். மகள் ஆகஸ்ட் பகுதியில் வந்து நடக்கலாமா என்று கேட்கிறாள். 19 வயது. தமிழ் பேசுவாள், வாசிக்கத் திணறுவாள்.

#18 ஊவாக்காற்று

தாராளமாக வரட்டும். அப்புத்தளையிலிருந்து எல்ல வரைக்கும் நான் கூட நடக்கிறேன். அட்டை மேசு மட்டும் அங்கிருந்தே வாங்கி வரச் சொல்லுங்கள், இங்கே நல்லது கிடைப்பது கஷ்டம்.